ஞானப்பல் குழியில் ஒரு சாண் துணி

வலி தொடங்கியபோது மணி காலை ஐந்து நாற்பது. நிக்கோபாரின் கட்சால் தீவில் அந்நேரத்துக்கு வெயில் வந்துவிடும். வாசற்படியில் உட்கார்ந்து தேநீர் ஆறுவதற்காகக் காத்திருந்தேன். வலது காதுக்குள் ஏதோ குத்தியது. எறும்பு போயிருக்கும் என்று நினைத்து, தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விடச் சொன்னேன். என் மனைவி செல்வி விட்டாள். எறும்பு வரவில்லை.

சற்று நேரத்தில் அது காதிலிருந்து தாடைக்கு இறங்கியது. பிறகு நெற்றிப்பொட்டுக்கு ஏறியது. தேநீர் ஆறுவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று நாட்களுக்கு முன் ஒரு பல் இருந்த இடத்திலிருந்துதான் இந்த வலி வருகிறது.

பல் எடுத்துக்கொண்டவர்களும், எடுத்துக்கொள்ளப் போகிறவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காக நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நான் போர்ட் பிளேரில் ஒரு நாளிதழில் பக்கம் அமைப்பவன். டெய்ரி ஃபார்ம் பகுதியில் ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். செல்வி கட்சாலில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவள் குடும்பம் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு, இங்கே ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியேற்றப்பட்டது. அவள் பிறந்தது கட்சாலில். எங்கள் கல்யாண வாழ்க்கை கப்பல் அட்டவணையில் நடக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நான் போவேன். விடுமுறைக்கு அவள் வருவாள்.

கீழ்த்தாடையில் வலப்பக்க ஞானப்பல் ஒரு வருடமாகத் தொல்லை கொடுத்து வந்தது. பல் படுத்திருந்தது (பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்து, ஈறுக்குள் பாதி புதைந்திருக்கும் நிலை). திங்கட்கிழமை எடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை கப்பலேறி, பத்து நாள் விடுப்பைக் கட்சாலில் கழிப்பது என் திட்டம். கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருக்கும் இடத்தில் ஆறட்டும் என்று நினைத்தேன்.

பல் மருத்துவர் நஸ்ரீன் என்னைவிட இளையவர். அவர் தந்தைக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை. முதலில் என் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு உதவியாளரிடம் சொன்னார்:

"பேப்பர்காரரு. ஊரையே வாயைத் திறக்க வைக்கிறவரு. நாம சொன்னா இவ்ளோதான் திறக்குது பாரு."

நாற்பது நிமிடம் ஆயிற்று. மரத்துப்போகும் ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை, சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தையல். பிறகு மடித்த துணிக்கட்டு ஒன்றைக் குழியின் மேல் வைத்துக் கடிக்கச் சொன்னார்.

"அரை மணி நேரம் கடிச்சிட்டே இருங்க. பேசக்கூடாது. அப்புறம் இதை எடுத்துருவேன். உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்கும். அதுதான் சார் அசல் கட்டு. நாங்க வைக்கிற துணி, மருந்து எல்லாம் அதுக்கப்புறம்தான். துப்பாதீங்க. ஸ்ட்ரா வச்சு உறிஞ்சாதீங்க. வியாழக்கிழமை வந்து காட்டணும், பக்கா?"

தலையாட்டினேன். வாயில் துணி இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. செவ்வாய்க்கிழமைக்கான டிக்கெட் என் சட்டைப் பையில் இருந்தது.

இது முதல் தவறு. தீவுகளில் இருப்பவர்களுக்கு இது தவறென்றே தோன்றாது. கல்யாணம், வீடு மாறுவது, அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் நாங்கள் கப்பலை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். டிக்கெட் கிடைத்த தேதிதான் நல்ல தேதி. உடம்புக்கும் ஒரு அட்டவணை உண்டு என்பதை யாரும் யோசிப்பதில்லை.

செவ்வாய் காலை ஃபீனிக்ஸ் பே துறையில் ஏறினேன். கடல் அமைதியாக இருந்தது. வாந்தி இல்லை. ரசம் ஊற்றிப் பிசைந்த சோற்றை இடப்பக்கமாகவே விழுங்கினேன். புதன் காலை கட்சாலில் இறங்கியபோது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. அவ்வளவுதான். குணமாகிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பினேன். அது உண்மையும்கூட.

அன்று மாலை பள்ளியிலிருந்து வந்த செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்தவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னாங்க, வாய் நாறுது."

"பல் புடுங்கியிருக்கு. பின்னே மணக்கவா செய்யும்?"

"காட்டுங்க." போனில் விளக்கைப் போட்டாள். "இன்னுங் கொஞ்சம். அச்சா, இருங்க. உள்ள என்னமோ ஒட்டிக்கிட்டு நிக்குதுங்க. மேல வெள்ளையா, கீழ கறுப்பா. ஒட்டுப்பால் மாதிரியே இருக்கு."

ஒட்டுப்பால் என்பது ரப்பர் மரத்தில் வெட்டிய கோட்டின் மேல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் பால். நாடா மாதிரி நீளமாக இருக்கும். மறுமுறை வெட்டுவதற்கு முன் அதைப் பிடுங்கிவிட வேண்டும். செல்வி சிறுமியாக இருந்தபோது, பள்ளிக்குப் போகும் முன், அம்மா வெட்டும் மரங்களில் ஒட்டுப்பால் பிடுங்குவது அவள் வேலை.

"எடுத்துரவா?" என்றாள்.

ரத்தக்கட்டு என்றால் சிவப்பாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். வெள்ளை என்றதும் சோற்றுப் பருக்கை என்று தோன்றியது. "எடு" என்றேன்.

புருவம் திருத்தும் இடுக்கியை வெந்நீரில் நன்றாகக் கொதிக்கவைத்தாள். மிகச் சுத்தமாகத்தான் செய்தாள். ஒரே இழுப்பில் முழுதாக வந்தது. சுண்டுவிரல் நுனி அளவுக்கு, கொழகொழவென்று. வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினாள். கொஞ்சம் ரத்தம் வந்து நின்றது. குழி இப்போது சுத்தமாக, வெறுமையாக இருக்கிறது என்று சொன்னாள். நாற்றமும் குறைந்தது. இருவருக்கும் திருப்தி.

மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்வலி விட்டுவிட்டு வரும். இது விடவில்லை. துடிக்கவுமில்லை. ஒரே அளவில், ஒரே இடத்தில் நின்றது. காற்று உள்ளே போனால் ஏறியது. எச்சில் விழுங்கினால் ஏறியது. வலப்பக்கக் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, நான் அழாமலே. வாயில் ஒரு சுவை இருந்தது. பழைய இரும்புச் சாவியை நக்கியதுபோல.

பத்து மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் பொது மருத்துவர். விளக்கடித்துப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: டிரை சாக்கெட் (பல் எடுத்த குழியில் ரத்தக்கட்டு இல்லாமல் போய், தாடை எலும்பும் நரம்பும் மூடப்படாமல் கிடக்கும் நிலை). எலும்பு தெரிகிறது என்றார்.

"புகை பிடித்தீர்களா?"

"இல்லை."

"ஸ்ட்ரா?"

"இல்லை."

"பலமாகக் கொப்பளித்தீர்களா?"

"இல்லை."

மூன்றும் உண்மை. கேட்ட கேள்விகளுக்கு மட்டும் பதில் சொன்னேன். செல்வி என் பின்னால் நின்றாள். அவளும் பேசவில்லை. அந்தத் தீவில் அவள் எல்லாருக்கும் டீச்சர். அங்கிருந்த செவிலியர் மேரியின் மகளுக்கும் அவள்தான் டீச்சர். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தேன்.

வலி ஊசி போட்டார். மாத்திரைகள் கொடுத்தார். குழிக்குள் மருந்துக்கட்டு வைக்க வேண்டும், அதைப் பல் மருத்துவர்தான் வைப்பார், சனிக்கிழமைக் கப்பலில் போய்விடுங்கள் என்றார்.

ஊசி நான்கு மணி நேரம் வேலை செய்தது. அதில் முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது. அடுத்த ஒரு மணி நேரம் சுமாராக இருந்தது. மீதி இரண்டு மணி நேரம் வலி வரப்போகிறது என்ற பயத்தில் போயிற்று. அடுத்த ஊசிக்கு எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அந்த எட்டு மணி நேரங்களில் வாழ்ந்தேன். தலையை வலப்பக்கம் சாய்க்க முடியாது. படுத்தால் ஏறும். நின்றால் கொஞ்சம் குறைவதுபோல் இருக்கும் என்பதால் வீட்டுக்கும் வேலிக்கும் நடந்தேன். பதினேழு காலடி போக, பதினேழு காலடி வர. சமையலறையில் கொறடு தொங்குவது தெரியும். பக்கத்துப் பல்லையும் பிடுங்கிவிட்டால் என்ன என்று யோசித்தேன். வெறுமனே யோசிக்கவில்லை, எழுந்து போய்க் கொறடைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வாய் ஒன்றரை விரலுக்கு மேல் திறக்கவில்லை. அதனால்தான் வைத்துவிட்டேன்.

செல்வி என் பக்கத்தில் வருவதை நிறுத்தியிருந்தாள். கஞ்சியை மேசையில் வைத்துவிட்டுக் கதவருகே போய் நின்றுகொள்வாள்.

"எம்மேல கோவமா?"

"பேச முடியல."

"பேச முடியலயா, பேசப் புடிக்கலயா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தால் காற்று போகும். தலையை ஆட்டினேன். எந்தக் கேள்விக்கு ஆட்டினேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை காலை கடல் கொந்தளிப்பு. கப்பல் ரத்து. அடுத்தது புதன்கிழமை, அதுவும் வானிலைக்கு உட்பட்டது. இந்த 'வானிலைக்கு உட்பட்டது' என்ற வரியைப் பல வருடங்களாக எங்கள் பத்திரிகையில் கப்பல் அட்டவணைக்கு அடியில் நான்தான் வைத்து வருகிறேன். இடம் போதாத நாட்களில் எழுத்தளவைக் குறைப்பேன்.

சுகாதார நிலையத்துக்குப் போய் ஹெலிகாப்டர் கேட்டேன். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார், அது உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர்களுக்கு என்று. அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "ஆப் ஷாந்த் ஹோ ஜாயியே" என்று அவர் இரண்டு முறை சொன்னது நினைவிருக்கிறது. அமைதியாக இருங்கள் என்று. செல்விதான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மூன்று நாளில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்ததும், "பல் டாக்டருக்கு போன் போடுங்க" என்றாள்.

வியாழக்கிழமையே செய்திருக்க வேண்டிய வேலை. நான் செய்யாததற்குக் காரணம் சிக்னல் இல்லாதது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். பல் மருத்துவர் கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். அதுதான் காரணம்.

கப்பல் துறைக்கு மேலே மேட்டில் சிக்னல் கிடைத்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு இருவருக்கும் நடுவில் பிடித்தேன்.

"கட்சால்லயா இருக்கீங்க? வியாழக்கிழமை உங்களுக்கு நேரம் ஒதுக்கி வச்சிருந்தேன் சார்!"

"கப்பல்..."

"கப்பல். எல்லாருக்கும் கப்பல். உங்க தாடைக்குத் தெரியுமா கப்பல் எப்பன்னு? சரி, சொல்லுங்க. கட்டி எப்பப் போச்சு? தானா வந்துருச்சா?"

"ஆமா. தானா."

செல்வி போனைப் பிடுங்கினாள்.

"பொய் சொல்றாரு டாக்டர். நான்தான் புடுங்கினேன். புதன்கிழமை சாயந்தரம். ஒட்டுப்பால் மாதிரி இருந்துச்சு, அதான் புடுங்கிட்டேன்."

"என்ன பால்?"

செல்வி விளக்கினாள். அழுதுகொண்டேதான். ஆனால் பாடம் நடத்துகிற மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள்.

"அதை ஏம்மா புடுங்குவீங்க?"

"புடுங்குனாத்தானே திரும்பப் பால் வரும். விட்டா அப்படியே மூடிக்கும்."

"அவ்வளவுதாம்மா விஷயம். மரத்துல மூடக்கூடாதுன்னு புடுங்குறீங்க. இங்க மூடணும்."

செல்வி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்க. பேனா இருக்கா? அங்க சிஸ்டர் யாரு? அவங்ககிட்டயும் நான் பேசணும். முதல்ல எழுதிக்கங்க."

பேனா இருந்தது, தாள் இல்லை. அவள் தன் இடது முன்கையில் எழுதினாள்.

நஸ்ரீன் சொன்னதை அப்படியே தருகிறேன். வீட்டில் செய்துபார்ப்பதற்காக அல்ல. எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்கள் ஊரில் பல் மருத்துவர் இருந்தால் அவரிடம் போங்கள். வெதுவெதுப்பான உப்புநீரை (மருத்துவமனையில் கிடைக்கும் சுத்தமான சலைன்) ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, அழுத்தாமல் குழியைக் கழுவ வேண்டும். அரை விரல் அகலத்துக்கு மெல்லிய காயத்துணி, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். பஞ்சு கூடவே கூடாது, அதன் இழை உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். துணியில் கிராம்பு எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, நன்றாகப் பிழிந்துவிட வேண்டும். எண்ணெய் அதிகமானால் சதையைச் சுடும். மடித்து மடித்து, இறுக்காமல் குழிக்குள் வைக்க வேண்டும். ஒரு முனை வெளியே தெரிய வேண்டும். இரண்டு நாளில் எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். உள்ளே வைத்து மறந்துவிட்டால் அதுவே நோயாகிவிடும்.

காயத்துணி சுகாதார நிலையத்தில் இருந்தது. கிராம்பு எண்ணெய் இல்லை.

செல்வி தோட்டக் குடியிருப்பில் வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் கேட்டார்கள், எதற்கு என்று. எல்லா வீட்டிலும் சொன்னாள், தான் செய்ததை மறைக்காமல். ஏழாவது வீட்டில் சிறு சீசாவில் கால் பங்கு இருந்தது. அந்த வீட்டுப் பெண் சீசாவைக் கொடுத்துவிட்டு, "நானா இருந்தாலும் புடுங்கித்தான் இருப்பேன் டீச்சர்" என்றாளாம்.

மேரி நிக்கோபாரிப் பெண். இதை ஒருமுறையும் செய்ததில்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். செல்வியின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் வைத்து, அதில் எழுதியிருந்ததை அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு எங்களோடு மேட்டுக்கு வந்து, நஸ்ரீனிடம் போனில் ஒவ்வொன்றையும் இந்தியில் திரும்பக் கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

உப்புநீர் எலும்பில் பட்டபோது நாற்காலியின் கைப்பிடியில் என் நகம் பதிந்தது.

"டரோ மத்," என்றார் மேரி. பயப்படாதே. துணி உள்ளே போனது. கிராம்பின் காரம் மூக்குக்கு ஏறியது. "பஸ். ஹோ கயா." போதும், முடிந்துவிட்டது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து. மூன்று பதினான்குக்கு வலி இறங்கத் தொடங்கியது. மேலிருந்து கீழாக இறங்கியது. முதலில் கண், பிறகு பொட்டு, பிறகு காது. கடைசியில் குழி மட்டும் மிஞ்சியது. அது மரத்து, தன் அளவுக்குச் சிறியதாகியிருந்தது. ஐம்பத்தேழரை மணி நேரத்துக்குப் பிறகு என் தலை மறுபடி என்னுடையதாகியிருந்தது. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். யாரும் எழுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வலியில்லாமல் போயிற்று. திங்கட்கிழமை காலையில் துணியின் முனையில் ஒரு புளித்த நாற்றம். பத்து மணிக்கு வலி காதைத் தொட்டது. பழைய வழியிலேயே ஏறிக்கொண்டிருந்தது. சுகாதார நிலையத்துக்கு ஓடினோம் என்றே சொல்லலாம்.

பிரசவ அறைக் கதவு சாத்தியிருந்தது. மருத்துவரும் மேரியும் உள்ளே இருந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று வெளியே நின்ற உறவினர்கள் சொன்னார்கள். பன்னிரண்டு மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. நான் சுவரில் நெற்றியை வைத்து நின்றேன். உள்ளே அந்தப் பெண் கத்தும்போதெல்லாம் நானும் கத்தலாம்போல் இருந்தது, அவள் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால்.

மேரி ஒரு நிமிடம் வெளியே வந்தார். கையுறையில் ரத்தம். என் முகத்தைப் பார்த்தார். பிறகு செல்வியிடம் மேசையைக் காட்டினார். தட்டில் காயத்துணி, சிரிஞ்சு, வளைந்த முனையுள்ள இடுக்கி எல்லாம் கொதிக்கவைத்துத் தயாராக இருந்தன.

"டீச்சர், தும் கர் லோ. தும்னே தேகா ஹை." நீ செய்துவிடு, நீ பார்த்திருக்கிறாய்.

கதவு மூடிக்கொண்டது.

"நான் மாட்டேன்," என்றாள் செல்வி.

"வேற யாரு இருக்கா?"

"வேணாங்க. காத்திருப்போம். இன்னொருக்கா என்னால உங்க வாயில கை வைக்க முடியாது."

"ரெண்டு மணி நேரம் ஆகும். அஞ்சு மணி நேரமும் ஆகலாம்."

"கை நடுங்குது, பாருங்களே." காட்டினாள். உண்மையாகவே நடுங்கியது.

வலி கண்ணுக்கு வந்துவிட்டது. என்னால் வார்த்தைகளைச் செலவழிக்க முடியாது. யோசித்துக் கேட்டேன்.

"காலையில எத்தனை மரத்துல ஒட்டுப்பால் எடுப்ப?"

"என்னா?"

"எத்தனை மரம்?"

"நூறு. நூத்தம்பது."

"அறுந்துருமா?"

"அறுந்தா அம்மா திட்டும். பாதி மரத்துலயே நின்னுரும், அப்புறம் சுரண்டணும்." நிறுத்தினாள். நான் ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது.

"அறுக்காம எடு," என்றேன்.

கை கழுவினாள். நீண்ட நேரம் கழுவினாள். வாயை முடிந்த மட்டும் திறந்தேன். இடுக்கி முனையைப் பிடித்ததும் அவள் கை நடுக்கம் நின்றதைக் கவனித்தேன். துணி குழியின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. இழுத்தால் கிழியும். அவள் இழுக்கவில்லை. முனையை ஈறோடு படுக்கவைத்து, பக்கவாட்டில், ஒரே சீராக உரித்தாள். ஒரு சாண் நீளமும் நிற்காமல் வந்தது. தட்டில் நீட்டி வைத்து, இரண்டு முனையும் இருக்கிறதா என்று பார்த்தாள். கழுவினாள். புதுத் துணியைப் பிழிந்தாள், மறுபடி பிழிந்தாள், உள்ளே மடித்து வைத்தாள்.

நாற்காலியிலிருந்து இரண்டடி பின்னால் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வெட்டும்போது கத்தி பட்டையத் தாண்டிக் கட்டைய தொட்டுருச்சுன்னா," என்றாள், "கறுப்பா ஒரு மருந்து பூசுவோம். பூசிட்டு அந்தப் பக்கமே கத்தியக் கொண்டுபோக மாட்டோம். அது எனக்குத் தெரியும்ங்க. தெரிஞ்சுதான் இருந்துச்சு."

பிரசவ அறையில் குழந்தை அழுதபோது மணி இரண்டே கால். எனக்கு வலி இல்லை.

புதன்கிழமை கப்பல் வந்தது. செல்விக்குப் பள்ளி இருந்தது. துறை வரைக்கும் வந்தாள். வியாழக்கிழமை போர்ட் பிளேரில் நஸ்ரீனின் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு வாரம் தாமதமாக, சரியான கிழமையில்.

துணியை எடுத்து விளக்கில் பார்த்தார்.

"யார் வச்சது?"

"என் மனைவி."

"புடுங்கினவங்களா?"

"ஆமாம்."

"எங்க ஆளுங்க நிறையப் பேரு இறுக்கித் திணிச்சிருவாங்க. இவங்க நல்லா வச்சிருக்காங்க. அடியில சதை துளிர்க்குது பாருங்க." கண்ணாடியில் காட்டினார். இளஞ்சிவப்பாக, மணல் மணலாக ஏதோ தெரிந்தது. இன்னொரு கட்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அதையும் எடுத்தார். புதிது வைக்கவில்லை.

"ஒண்ணு வைங்க," என்றேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு? இனிமே துணி உள்ள இருந்தா சதை வளர இடமில்லை."

"பயமா இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றினார். "இருக்கத்தான் செய்யும். சாப்பிட்டதும் மெதுவா உப்புத்தண்ணி. வேற ஒண்ணும் வேணாம்."

இந்த நோய் வந்தவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். முதல் கட்டு இரண்டு நாள்கூட முழுதாகத் தாங்கவில்லை. இரண்டாவது மூன்று நாள் தாங்கியது. மூன்றாவதை எடுத்தபோது எனக்குத் தேவையே இருக்கவில்லை. நடுவில் இருப்பவர்களால் இதை நம்ப முடியாது. நானும் நம்பியிருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை வேலியருகே நடந்துகொண்டிருந்தவனிடம் யாராவது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசியிருந்தால் அடித்திருப்பேன்.

கட்டில்லாத முதல் வாரத்தில் இடப்பக்கம் மட்டும் மென்றேன். தூங்கும்போது வாயை மூடிக் கட்டிக்கொண்டேன். மணிக்கணக்கில் ஓடிய என் நாள், வேளைக்கணக்குக்கு மாறியிருந்தது. சாப்பாடு, உப்புநீர், சாப்பாடு, உப்புநீர். நாக்கு தினமும் குழியின் ஓரம் வரை போய்த் திரும்பியது. உள்ளே போகவில்லை. என் உடம்பில் நானே அனுமதி கேட்டு நிற்கும் ஓர் இடம் உண்டாகியிருந்தது.

ஐந்தாம் நாள் காலை கண்ணாடியில் பார்த்தபோது குழியின் வாயில் ஒரு படலம் இருந்தது. மேலே வெள்ளை, ஓரத்தில் மஞ்சள். லேசான நாற்றம். மறுபடியும் சீழ் என்று நினைத்தேன். மேசையில் என் சவரப் பெட்டி இருந்தது. அதில் ஓர் இடுக்கி உண்டு. கை அங்கே போனதை நான் பார்த்தேன். எடுத்துவிட்டால் சுத்தமாகிவிடும் என்று தோன்றியது. செல்விக்கு அன்று எப்படித் தோன்றியதோ, அப்படியே.

எடுக்கவில்லை. படம் பிடித்து நஸ்ரீனுக்கும் செல்விக்கும் அனுப்பினேன். நஸ்ரீன் உடனே பதில் அனுப்பினார்: சீழ் இல்லை, காயம் தனக்குப் போட்டுக்கொள்ளும் மூடி, விட்டுவிடுங்கள்.

செல்விக்குப் படம் போய்ச் சேர ஒரு நாள் ஆயிற்று. மறுநாள் மாலை நான் அலுவலகத்தில் கப்பல் அட்டவணையை அமைத்துக்கொண்டிருந்தபோது அவள் அழைத்தாள். பின்னால் கடல் சத்தம் கேட்டது. கப்பல் துறைக்கு மேலே அந்த மேட்டில் நிற்கிறாள்.

"பாத்தேன்," என்றாள். "புடுங்கிட்டீங்களா?"

"இல்ல. இருக்கு."

எதிர்முனையில் மூச்சு விடுவது கேட்டது.

"இருக்கட்டும்ங்க," என்றாள். "அடுத்த கப்பல்ல நான் வர்றேன். தூரத்துல நின்னு பாக்கிறேன்."

அட்டவணையில் அவளுடைய கப்பல் ஆறாவது வரியில் இருந்தது. அடியில் 'வானிலைக்கு உட்பட்டது' என்ற வரிக்கு அன்று இடம் போதவில்லை. மேலே ஒரு விளம்பரத்தைக் குறைத்து, அதை எல்லாரும் வாசிக்கிற அளவில் வைத்தேன்.